துணி காயாத பக்கம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை சமையலறை ஜன்னலைத் திறந்ததும் எலுமிச்சைத் தோலைக் கீறினாற்போல ஒரு வாசனை. உங்கள் மக்னோலியா பூத்துவிட்டது. ஒரே ஒரு பூ, கிண்ணம் அளவுக்கு, பால் வெள்ளையாக. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது.

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் உங்கள் மகன் வீட்டின் பின்பகுதிக்கு நாங்கள் குடிவந்த வாரம்தான் நீங்களும் டொராண்டோவிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். அங்கே பனியில் மக்னோலியா வளர்த்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! குளிர் தாங்கும் வகையாகத் தேடி வாங்கி, தெற்குச் சுவரோரம் நட்டு, குளிர்காலம்தோறும் சாக்குச் சுற்றி, அடியில் சருகு குவித்து, ஏழாம் வருடம் இரண்டு பூ. வீட்டை விற்றபோது அந்த மரத்தை விட்டுவந்தது உங்களுக்கு ஆறவேயில்லை. இங்கே நர்சரியில் ஒரு கன்று வாங்கினீர்கள். குழி தோண்டியது நான்.

"தெற்குச் சுவரோட வை பிள்ளை, அங்கைதான் நல்ல வெயில்."

பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து அல்லவா விழுகிறது! முதல் மாதமே எனக்குத் தெரிந்துபோனது. தெற்குப் பக்கக் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயவில்லை. துணியை மட்டும் சத்தமில்லாமல் வடக்குப் பக்கம் மாற்றிக்கொண்டேன். மரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பனியே விழாத ஆக்லாந்தில் நீங்கள் அதற்குச் சாக்குக் கட்டியபோது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருடம் இலை பழுத்து, தண்டில் பாசி பிடித்து, வளராமலே நின்றது. ஒருநாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ரை கைராசி போயிட்டுது" என்றீர்கள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் கதைக்கேல்லை?"

"நீங்க பெரியவங்க. அதுவும் உங்க பையன் வீட்ல வாடகைக்கு இருந்துகிட்டு, எப்படிக்கா சொல்றது?"

வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "மரியாதை பாத்து மரத்தைக் கொல்லப் பாத்தியே! இனிப் பிழையெண்டால் உடனே சொல்லு. மரியாதையைப் பிறகு பாப்பம்."

அந்தக் குளிர்காலத்திலேயே வேரோடு மண்ணெடுத்து, இருவருமாக வடக்குப் பக்கம் நட்டோம். மரம் தேறியது. உங்கள் உடம்புதான் தேறவில்லை. நான் வாய் திறக்காமல் விழுங்கிய அந்த இரண்டு வருடம் இருந்திருந்தால் இந்தப் பூவை நீங்களே முகர்ந்திருப்பீர்கள். ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை நீங்கள். அதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

எல்லர்ஸ்லியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இப்போது மேலாளரிடமே, "இது தப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். எல்லாரும் ரசிப்பதில்லை.

போன மாதம் உங்கள் மகன் அளவெடுக்கும் டேப்போடு வந்தார். "இந்த மரத்தை எடுத்திட்டுக் கார் விட ஒரு கொட்டகை போடலாமெண்டு பாக்கிறன்."

மரத்தில் அப்போது ஒரே ஒரு மொட்டு. நான் இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறேன். ஆனாலும் அவர் டேப்பைச் சுருட்டுவதற்குள் சொல்லிவிட்டேன், அக்கா.

"வேணாங்க. அது உங்க அம்மாவோட மரம்."