முழுங்கின மாத்திரை எங்கே போகிறது

நவம்பர் 3, திங்கள்
விடாத மழை. காலை மாத்திரை போடாமல் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை. மதியம் முடிவு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் மறுபடி ஏற்றம். மாற்றின சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கப் போடும் மருந்து, ரத்தத்தில் மறுபடி குறைவு. புது டாக்டரம்மா, சின்ன வயது. கேள்வி மட்டும் பழசு.

"மாத்திரையை அப்பப்ப விட்டுடறீங்களா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் மீனாவும் என்னையே பார்க்கிறாள். கட்டின பெண்டாட்டி! ஷிப்டில் இருக்கும்போது மறந்துவிடுகிறேன் என்று அவளுக்குச் சந்தேகம்.

நவம்பர் 4, செவ்வாய்
வெயில். ஸ்கூட்டருக்கு பெட்ரோல். அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா போன். மீனா சொல்லியிருக்கிறாள்.

எனக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் அக்கா. சோதனையில் எல்லாம் அப்படியே பொருந்தியது, இரட்டைப்பிள்ளை மாதிரி என்றார்கள். நாலு வருடமாகச் சொந்தக்காரர்களிடம் அதே பெருமை. இப்போது அதுவே எனக்கு எதிரான சாட்சி.

"அவ்வளவு பொருந்துன கிட்னி எப்படிலே கெடும்? மாத்திரைய முழுங்குதியா, துப்புதியா?"

"முழுங்குதேன்க்கா."

"நான் அங்கன வாரேன்."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்
அக்கா வந்தாயிற்று. பையில் வாழைத்தண்டு. சாறு குடி என்று ஒரு சண்டை. டாக்டரைக் கேட்காமல் கூடாது என்றேன். "டாக்டர் சொல்லுதத கேக்கவன்தான் நீ!"

மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்ட வேண்டுமாம். நாற்பத்தைந்து வயதில்.

நவம்பர் 7, வெள்ளி
கங்கைகொண்டான் ஆலையில் மாலை ஷிப்ட். மாத்திரை வேளைக்குச் சரியாக வீட்டிலிருந்து அக்காவின் வீடியோ கால். "நாக்கைத் தூக்குலே!" கேன்டீன் முழுக்கக் கேட்டது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகன், "என்ன வே, பல் டாக்டரா?" ஆத்திரத்தில் கண்ணீர். அதையும் அக்கா பார்த்தாள்.

நவம்பர் 13, வியாழன்
மறுபடி ரத்தம். அக்காவும் கூட. மருந்தின் அளவு போன தடவையைவிடக் குறைவு. டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் அக்கா:

"ஒரு வேளை விடாம நாம்பாத்து முழுங்க வச்சிருக்கேன். அவன் பொய் சொல்லல. ஒங்க மெசினப் பாருங்க."

டாக்டரம்மா பைலை முதலிலிருந்து புரட்டினார். வேறு மருந்து உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, எல்லாம் கேட்டார். எதுவும் இல்லை. மரபணு சோதனைக்கு எழுதினார். அதுவரை மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். இந்தச் சோதனை முன்னால் இல்லையா? இருந்ததாம். யாருக்கும் தோன்றவில்லையாம். நன்றாக இருக்கிறது!

அக்கா சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு.

நவம்பர் 27, வியாழன்
முடிவு வந்தது. என்னிடம் இருக்கும் ஒரு மரபணு, அந்த மருந்தை உடம்பு வேகமாகச் சிதைத்துவிடச் செய்கிறதாம். மற்றவர்களுக்குப் போதுகிற அளவு எனக்குப் போதாது. அபூர்வமும் இல்லையாம். சிறுநீரகப் பொருத்தம் வேறு, இது வேறு. "உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. மருந்து இன்னும் கூடுகிறது. சிறுநீரகத்தில் ஏற்கெனவே தழும்பாகிக் கெட்ட இடம் இனி சரியாகாது. மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். எத்தனை காலம்? சொல்ல முடியாதாம்.

வெளியே வந்ததும் மீனா கையைப் பிடித்தாள். உதறினேன். மறுபடி பிடித்தாள். விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு போன். எல்லாம் சொன்னேன். அக்கா, பைய:

"அப்ப நான் குடுத்தது சொத்தை இல்லையாலே?"

"யாருக்கா அப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. கிரியேட்டினின் ஏறிட்டு, ஏறிட்டுன்னு நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அதாம்லே தோணும். நீ மாத்திரைய விட்டிருந்தாத் தேவலன்னு இருக்கும். அதான் ஒன்ன ஏசிட்டே கெடந்தேன்."

"நல்ல கிட்னிக்கா" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.