அண்ணிக்காகக் குடித்த ஒயின்

அண்ணி,

இன்று காலை சமையல் மேடையைத் துடைக்கும்போது அந்தக் காலி ஒயின் பாட்டிலை எடுத்து மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். கழுவிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், கை வரவில்லை. அடியில் இன்னும் புளித்த ஆப்ப மாவின் வாசனையும் திராட்சைத் தோலின் வாசனையும் இருக்கின்றன. டிசம்பர் மாதம் நம் சேலையூர் வீடு முழுக்க நிற்குமே, அதே வாசனை.

அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் நீங்களும் நானும்தான். உங்கள் மகள் வேலைக்காகப் பிரான்சுக்குப் போய்விட்டாள். நீங்கள் வருஷா வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை வாங்கி வந்து, கழுவித் துடைத்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டுப் பீங்கான் ஜாடியில் ஊற வைப்பீர்கள். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும் முதல் டம்ளர் எனக்குத்தான். "குடிச்சிட்டு மூஞ்சிய காட்டு" என்பீர்கள். என் முகத்தைப் பார்த்தே அந்த வருஷத்து ஒயின் எப்படி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வீர்கள்.

பிறகு உங்கள் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு கட்டியைக் கொஞ்சம் சுருக்கியது. நாக்கிலிருந்த ருசியை முழுக்க எடுத்துக்கொண்டது. எதைத் தின்றாலும் ஈர அட்டையை மெல்வது போலிருக்கிறது என்றீர்கள். ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டீர்கள்.

"மீன் கொழம்பு எப்படி கீது?"

"நல்லா இருக்கு அண்ணி."

"நல்லா இருக்குன்னா எனக்கு இன்னா தெரியும்? புளி முன்னாடி வருதா, காரமா? சொல்லு."

கோபமாகத்தான் கேட்டீர்கள். அன்றிலிருந்து என் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லப் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். சில நாள் உங்கள் தொண்டை, விழுங்குவது போல அசையும். அதைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய் பாத்ரூமில் அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் ஒரு பாட்டிலைக் காட்டினாள். "ஒரு புருஷனும் பொண்டாட்டியும் சின்னதா தோட்டம் வெச்சு அவங்களே போடறாங்கம்மா. ஒரு மருந்தும் கலக்கறதில்ல. விலையும் கம்மிதான். கலங்கலா, அப்படியே உன்னோட ஒயின்."

வெகுநாள் கழித்து அன்றுதான் சிரித்தீர்கள். "கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கினு வா. உங்க அத்தை குடிச்சி எனக்குச் சொல்லட்டும்."

மழை விடாமல் பெய்த நவம்பர் வாரத்தில் போய்விட்டீர்கள். உங்கள் மகள் வந்த விமானம் மழையால் வேறு ஊரில் இறங்கியது. வீடு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மாற்றுத் துணிகூடச் சரியாக எடுத்து வராதவள், ஸ்வெட்டருக்குள் சுற்றி அந்த பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள்.

கிறிஸ்துமஸ் வரை அவள் இங்கேயே தங்கினாள். அன்று மதியம் பாட்டிலைத் திறந்தோம். கார்க்கைப் பிடுங்கத் தெரியவில்லை, கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினோம். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் என்னை அறியாமல் பேச்சு வந்தது.

"முதல்ல புளிப்புதான் வருது அண்ணி. நாக்கு நுனியில சுருக்குன்னு குத்துது, சோடா மாதிரி. இனிப்பே இல்லாதது உங்களுக்குப் பிடிக்காது. இப்ப நாவல்பழத் துவர்ப்பு..."

உங்கள் பிரம்பு நாற்காலியைப் பார்த்ததும் குரல் நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க அத்தை," என்றாள் மகள். "அம்மாவுக்கு முழுசா சொல்லுங்க."

சொன்னேன். விதையைக் கடித்தது போலக் கடைசியில் வரும் கசப்பை, அது தொண்டையில் இறங்கிய பிறகும் போகாமல் நிற்பதை, எல்லாம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தன் டம்ளரை அவள் தொடவே இல்லை.

இப்போது அவள் திரும்பிப் போய்விட்டாள். சாயங்காலம் கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன சமையல் அத்தை? எப்படி இருக்கு, சொல்லுங்க" என்கிறாள். நானும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு வாய் சொல்லி முடித்ததும் சற்றுக் காத்திருக்கிறேன். "உம், அப்புறம்?" என்பீர்களே, அந்த இடம் அது. அப்படிக் கேட்க நீங்கள் இல்லை என்று மனசுக்கு உறைத்த பிறகுதான் அடுத்த வாய்ச் சோற்றை எடுக்கிறேன்.