சிட்டுவின் பிள்ளைக்கு ஒரு தனிக்கோடு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கப்பலும் உன் முதுகுவலியும் எப்படி? நடுக்கடலில் போன் எடுக்காது என்று தெரிந்தும் அம்மா தினமும் உன் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, எடுக்க மாட்டேங்கிறான் என்று உன்னைத் திட்டுகிறாள். கம்பெனி ஆபீஸ் வழியாக அனுப்பும் இந்தக் கடிதமாவது உன் கைக்கு வரட்டும்.

பதறாமல் படி. உன் சிட்டுவுக்கு எட்டாம் மாத ஸ்கேன் எடுத்தோம். குழந்தை எடை குறைவு என்று வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் வளர்ச்சி அட்டவணையில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்ப் புள்ளி விழுந்தது. உள்ளே வளரவில்லை என்றால் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டரம்மா. போன தடவை குழந்தை தங்காமல் போனபோதும் அவர்தானே பார்த்தார். அவருக்கும் பயம் இருக்காதா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். கோழி கொறிக்கிற மாதிரி கொறிச்சா பிள்ளை எப்படி வளரும் என்றாள். உன் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அந்த வாயாடி வாயை மூடிக்கொண்டால் வீடு நம் வீடு மாதிரியே இல்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் கணக்குப்பிள்ளை என்றுதானே உன் சிநேகிதர்களிடம் சொல்வாய்? என் வேலை என்னவென்று இப்போதாவது கேள். இங்கே பிறந்த பல ஆயிரம் குழந்தைகளின் விவரங்களை வைத்து, தாயின் உயரம், கர்ப்பத்துக்கு முந்தைய எடை, வயது, எத்தனையாவது பிரசவம் என்பதெல்லாம் குழந்தையின் வளர்ச்சியை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று சொல்லும் ஒரு புள்ளியியல் மாதிரியை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். சுவரில் இருக்கும் அட்டவணை ரெடிமேட் சட்டை. எல்லாத் தாய்க்கும் ஒரே அளவு. அதில் குள்ளமான தாயின் நல்ல குழந்தையும் நோஞ்சானாகத் தெரியும். உயரமான தாயின் குழந்தை வளராமல் நின்றுபோயிருந்தாலும் சரியான எடை போலத் தெரியும். நம் சிட்டு ஐந்தடிகூட இல்லை. நெட்டையன் உன் பக்கத்தில் நின்றால் உன் சட்டைப் பையோடுதான் பேசுவாள்.

ஆனாலும் அவள் என் தம்பி மனைவி. நல்ல பதில் வரவேண்டும் என்று ஏங்குகிறவள் கணக்குப் போட்டால் கணக்கும் அந்தப் பக்கமே சாயும். நீங்களே போட்டுப் பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விவரமாக அடித்துக்கொண்டே வந்து, ரத்த அழுத்தத்தை இது கேட்கவே இல்லையே என்றார். வேண்டுமென்றேதான் விட்டேன் என்றேன். உயரம் பிறவியில் வந்தது. ரத்த அழுத்தம் நோய். அதையும் சேர்த்துவிட்டால், நோயால் வாடிய குழந்தையைப் பார்த்தும், இந்தத் தாய்க்கு இவ்வளவுதான் என்று கணக்கு சமாதானம் சொல்லிவிடும். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

சிட்டுவுக்கென்று என் கணக்கு வரைந்த கோட்டை வைத்துப் பார்த்தால், குழந்தை அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, சரியான எடைதான். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு தைரியம் சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். நடுநடுவே குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டும். காத்திருக்கலாமா என்று சிட்டுவிடமே கேட்டோம். என் குள்ளத்துக்கு இவ்வளவு மரியாதையா அக்கா என்றாள். சரி என்றும் சொன்னாள்.

கணக்கு உத்தரவாதம் தராது என்பதை அவளிடம் மறைக்கவில்லை. உன்னிடமும் மறைக்கவில்லை. அவளுக்கு இரண்டு வரி எழுது.

உன் அக்கா


பெண்ணைப் பெற்ற என் தம்பிக்கு,

ஆபீஸ் வழியாகப் போன ஒற்றை வரிச் செய்தி கிடைத்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன், உட்கார்ந்து கேள்.

இரண்டாவது ஸ்கேனில் குழந்தை தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக மேலே ஏறியிருந்தாள். டாக்டரம்மா, குழந்தையை அவசரப்படுத்த வேண்டாம், வருகிறபோது வரட்டும் என்றார். மாதம் நிறைந்து, வலியும் தானாகவே வந்தது. விடிந்து வெயில் வருகிற நேரத்தில் பிறந்தாள். இரண்டரை கிலோவுக்கு ஒரு பிடி குறைவு. ஆனால் அழுகை இருக்கிறதே, வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்த காவலாளி எழுந்து நின்றுவிட்டார்! கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா என்று அம்மா கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நர்ஸ் போட்ட சின்னக் குல்லாய் மூக்குவரை இறங்கிவிட்டது. கால் மட்டும் உன்னுடையது, நீளம். சுருட்டி வைத்தால் நிற்காமல் நீட்டி உதைக்கிறாள்.

என் கணக்கு ஜெயித்துவிட்டது என்று நான் துள்ளியதும் டாக்டரம்மா ஒரு போடு போட்டார். ஒரு சிட்டுவை வைத்துச் சொல்ல முடியாது, வரப்போகிற பிரசவங்களிலும் சோதித்துக் காட்டுங்கள், அப்புறம்தான் சுவர் அட்டவணையில் கை வைப்பேன் என்றார். நியாயம்தான். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

காத்திருந்த அந்த நாட்களில் நடந்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை சின்னதாக இருப்பதற்குச் சாப்பாடு காரணமில்லை, சிட்டுவின் உயரம்தான் என்று அம்மாவிடம் விளக்கினேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்ப அவ மேல தப்பே இல்லையா என்றாள். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சிட்டுவின் பின்னால் உட்கார்ந்து, தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். சிட்டுவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அம்மா போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள். போன தடவை குழந்தை தங்காமல் போனதே, அதுக்கும் நான் காரணமில்லையா அக்கா என்று. இல்லவே இல்லை, நீ சாப்பிட்டதாலும் இல்லை, சாப்பிடாததாலும் இல்லை, டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார் என்றேன். இத்தனை நாளும் அதை அவள் தன் தலையில் சுமந்திருக்கிறாள், தம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கும் இது தெரியுமா என்று கேட்டாள். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அவள் என் வாயால் கேட்டுப் பயனில்லை.

நீ அடுத்த பயணத்துக்கும் சம்மதம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏன் என்று கேட்க மாட்டேன். போன தடவை குழந்தை போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். நான் வரட்டுமா என்று நீ கேட்டால்கூட அவள், வேலைக்குப் போனவரை ஏன் தொந்தரவு செய்யணும் என்றுதான் சொல்வாள். அதை நம்பாதே.

ஆள் முகத்தைப் பார்த்துக் குழந்தை சிரிக்க ஒன்றரை மாதமாவது ஆகுமாம். அதற்குள் உன் கப்பல் கரைக்கு வந்துவிடும் என்று அம்மா காலண்டரும் கையுமாகச் சொல்கிறாள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். அவள் முதலில் சிரிக்கிறபோது எதிரில் இருக்கும் முகம் உன்னுடையதாக இருக்கட்டும், ராஜா.

உன்னை எதிர்பார்க்கும்,
அக்கா