ஆறு மைக் ஊமை

மார்ச் 3, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து உயிரை வாங்கியது. புதிது வாங்கி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, சவுண்டு கார்டைத் தவிர. எட்டு மைக் செருகும் அந்தப் பெட்டியில் இரண்டு மட்டும் பேசுகிறது. மீதி ஆறும் ஊமை. அடுத்த மாதம் என் ஸ்டூடியோவுக்கு ஒரு நாடகக் குழு பதிவுக்கு வருகிறது. ஏழு குரல்!

மார்ச் 9, திங்கள்

கார்டு கம்பெனியின் பதில்: லினக்ஸுக்கு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தருவதில்லை. சரி, கார்டு எந்தக் கட்டளைக்கு என்ன செய்யும் என்றாவது சொல்லுங்கள், லினக்ஸ்காரர்கள் நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்றேன். அது தொழில் ரகசியமாம். என் மேசைமேல இருக்கிற பெட்டி, எனக்கே ரகசியமா?

நாடகக் குழு அம்மா போனில், "வேற ஸ்டூடியோ பாத்துக்கட்டுமா? தப்பா நெனக்காதீங்க" என்றார். மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். எந்தத் தைரியத்தில்?

மார்ச் 14, சனி

இணையத்தில் ஒரு பல் டாக்டர் கிடைத்தார். பொழுதுபோக்கு, டிரைவர் எழுதுவது. என் கார்டின் தம்பிக்கு, அதாவது நாலு மைக் மாடலுக்கு, ஏற்கெனவே எழுதியிருக்கிறார். பழைய கம்ப்யூட்டரில் கம்பெனி டிரைவர் கார்டுக்கு அனுப்பும் கட்டளைகளைப் பதிவு செய்து தரச் சொன்னார். "ஒவ்வொரு மைக்கா தெறங்க. பல்லு புடுங்குற மாதிரிதான், அவசரப்படக் கூடாது."

மார்ச் 15, ஞாயிறு

மூன்றாவது மைக் வரைக்கும் வந்தேன். பழைய கம்ப்யூட்டர் அணைந்தது. திரும்பப் போட்டேன். அணைந்தது. சனியன்.

மார்ச் 17, செவ்வாய்

சூட்டில்தான் அணைகிறது என்று, பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி மின்விசிறியை உள்ளே காற்றுப் போகும்படி வைத்தேன். தாங்கியது. ஆறும் பதிவாகி, டாக்டருக்குப் போய்விட்டது.

மார்ச் 29, ஞாயிறு

டாக்டர் அனுப்பிய டிரைவரைப் போட்டு, பஸ் கண்டக்டரான என் வீட்டுக்காரரை மைக் மைக்காக நிறுத்தினேன். "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க." மூன்றில் வந்தது. நான்கில் வந்தது. எட்டாவதிலும் அவர் குரல்! சிரிக்கிறேன் என்று நினைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, சனி

ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். முதல் காட்சி ஒரே மூச்சில் முடிந்தது.

ஜூன் 12, வெள்ளி

எங்கள் டிரைவர் இப்போது லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது; டாக்டர் பெயரோடு என் பெயரும் மின்னஞ்சலும் அதில் இருக்கிறது. இன்று முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சல்: "என் கார்டு வேலை செய்யல. கம்பெனிக்கு எழுதினேன், உங்களக் கேக்கச் சொன்னாங்க."

இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அப்போ அந்தக் கம்பெனிகிட்ட சம்பளம் கேளு" என்றார்.

பதில் எழுதிவிட்டேன்: எந்த மாடல்? எத்தனை மைக் பேசுகிறது?