கிரிக்கெட் படம் வாங்கப் போன அன்று

நண்பா,

நேற்று கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழம்பொருள் சேகரிப்பவர்களின் கண்காட்சி. ஒரு வியாபாரி தகர டப்பாவைத் திறந்தார். அந்துருண்டையும் பழைய அட்டையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே கிரிக்கெட் வீரர்களின் படங்கள். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வந்த சின்ன அட்டைகள். "எடுத்துப் பாருங்க சார், விலை பாத்துப் போடலாம்" என்றார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ மைதானத்தையே பார்த்தவன் இல்லை. டீக்கடை ரேடியோவில் வர்ணனை கேட்டே பைத்தியமானவன். நான் மிராசு வீட்டுப் பிள்ளை, தபால் ஆபீசில் குமாஸ்தா. நீ எங்கள் பங்காளிகளின் வயலில் கூலிக்கு அறுப்பவன், கூலிக்காரர்களுக்காகப் பேசுபவன். நம்மைச் சேர்த்தது இந்த அட்டைகள்தான். மலிவாக வாங்குவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. "வேணுங்கிறதை முதல்ல தொடாத. கண்ணு காட்டிக் குடுத்துடும்" என்பாய். வேண்டாத நாலு படத்துக்குப் பேரம் பேசி, கடைசியில் "இதையும் சேத்துக் குடுங்க" என்று வேண்டியதை உருவிக்கொள்வாய்.

அறுபத்தெட்டாம் வருஷத் தை மாதம். ஆட்சி மாறியிருந்தது. வயலில் கூலி மாறவில்லை. அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு நீங்கள் அறுப்பை நிறுத்தினீர்கள். என் பெரியப்பா மகன் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். நீ வரப்பில் குறுக்கே நின்று பேசினாய். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், நாம் தஞ்சாவூர்க் கண்காட்சிக்குப் போனோம்.

நீ மேஜைமேல் இடது கையை ஊன்றிக் குனிந்து பேரம் பேசிக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து பெரியப்பா மகனின் குரல் கேட்டது. "அறுப்புக்கு வரமாட்ட, படம் வாங்க மட்டும் வருவியாடா?" நீ திரும்புவதற்குள் செய்தித்தாளில் சுற்றியிருந்த அரிவாள் இறங்கியது. உன் இரண்டு விரல்கள் அட்டைகளுக்கு நடுவே கிடந்தன. வியாபாரி அலறிக்கொண்டு ஓடினார்.

இரண்டாம் வெட்டுக்கு அவன் கை ஓங்கியபோது மர நாற்காலியைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். அரிவாள் தெறித்தது. விழுந்தான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முகத்தில் அடித்தேன். பல் உடையும் சத்தம் கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி அடித்தேன், கண்ணில். ரத்தம் கொட்டும் கையைக் கக்கத்தில் அடக்கிக்கொண்டு, மறு கையால் நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"போதும்டா, செத்துடுவான்."

"சாகட்டும்."

"செத்தா நீ உள்ள போயிடுவ. இவனுக்காகவா?"

நாற்காலியைக் கீழே விட்டேன்.

அவனுக்கு ஒரு கண் போயிற்று. எல்லார் மேலும் வழக்கு வந்தது. ஊர்க்காரர்கள் சமாதானம் பேசி முடித்தார்கள். அப்பா அதன்பிறகு என்னை வீட்டு வாசற்படி ஏறவிடவில்லை. உங்களுக்கு அரை மரக்கால் கிடைத்தது. அடுத்த அறுப்பில் மூன்று விரலால் கதிரைச் சேர்த்துப் பிடிக்க நீ பட்ட பாட்டை வரப்பில் நின்று பார்த்தேன். "என்னடா பாக்குற, அறுபடுதுல்ல?" என்று சிரித்தாய்.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மகள் என்னைக் காட்டி, "எங்கப்பாவக் காப்பாத்துனவங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள். பொறுக்க முடியாமல் அவளைத் தனியே அழைத்தேன்.

"முதல் அடிதாம்மா உங்கப்பாவுக்காக. மத்ததெல்லாம் எனக்காக. உங்கப்பா என்னை இழுக்கலைன்னா நான் கொலைகாரன்."

"தெரியும் மாமா, அப்பா சொல்லியிருக்காங்க" என்றாள். "அந்த முதல் அடியையும் சொல்லியிருக்காங்க."

இந்த வயதிலும் அந்த வெறி என்னை விட்டுப் போகவில்லை. போன வாரம் டவுன் பஸ்ஸில் ஒருவன் ஒரு பூக்காரம்மாவைக் கீழே தள்ளிவிட்டான். குடையை ஓங்கிவிட்டேன். உன் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொன்னேன். கை இறங்கியது. பிறகுதான் அந்த அம்மாவைத் தூக்கிவிட வேண்டும் என்று தோன்றியது.