இரட்டை நட்சத்திரக் காசு

உன் டப்பாவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. காசைப் பூச்சி அரிக்குமா என்ன? உயிரோடு இருந்தபோதே இதற்கு நீ பதில் சொன்னதில்லை.

டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தது உன் மனைவி. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் பாலகாட் சமுதாயக் கூடத்தில் உன் படத்தை வைத்து, நீ சேர்த்த காசுகளையும் மேஜையில் பரப்பப் போகிறார்களாம். பெங்களூரிலிருந்து காசு சேர்ப்பவர்களும் வருகிறார்கள். "அவரு எழுதனத அப்டியே வெச்சா யாரும் சிரிக்கமாட்டாங்களேண்ணா?" என்று கேட்டது. சிரிப்பார்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தொரு உறைகள். எல்லாவற்றிலும் உன் கோழிக்கிறுக்கல்: "இரட்டை நட்சத்திரம். அசல்." எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? வருஷத்துக்குக் கீழே இருக்கும் நட்சத்திரம் ஹைதராபாத் நாணயச்சாலையின் குறி. காசு அடிக்கிற அச்சைச் செய்யும்போதே அதை இரண்டு தடவை குத்தியிருந்தால்தான் அசல் ரகம். இரண்டாவது நட்சத்திரத்தின் முனைகளும் முதலாவதைப் போலவே புடைத்து நிற்கும். மேலே இருக்கும் வருஷம் சுத்தமாக இருக்கும். காசு அடிக்கும்போது மெஷின் உதறினால் வருவது வேறு. அது தட்டையாகப் படிக்கட்டு மாதிரி ஓரத்தில் ஒட்டியிருக்கும், வருஷமும் அதே பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த மாதிரிக் காசு எந்தக் கடைக் கல்லாவிலும் கிடைக்கும்.

நீ எங்கே உட்கார்ந்து பார்த்தாய்? காலையில் வேலைக்குப் போகும்போது, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு. அந்த ஆட்டத்தில் எந்தக் காசும் இரண்டாகத்தான் தெரியும். வீட்டில் வைத்துப் பாரேன் என்றால், ஷிப்ட் முடிந்து வந்தால் கண் சொருகுகிறது என்பாய். இது வெறும் உதறல் என்றால், "உனுக்கு இன்னாத்துக்குடா வயித்தெரிச்சல்?" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கேட்பாய். பங்காருபேட்டை வருவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

நேற்றுக் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தட்டை. இதுவும் தட்டை. நாற்பது காசும் உதறல். ஒவ்வோர் உறைக்கும் உன்னைத் திட்டினேன். செத்த பிறகும் ஒருத்தனை இப்படி வேலை வாங்குவாயா என்று வாய்விட்டே கேட்டேன்.

கடைசி உறையில் மட்டும் "அசல்" என்பதை நீயே அடித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தாய்: "உதறல். அவன் சொன்னான்."

எனக்கு ஞாபகம் வந்தது. நீ இதை நீட்டிய அன்றைக்கு, ரயிலில் உட்கார இடம் கிடைக்காத கடுப்பில் இருந்தேன். லென்ஸைக்கூட வாங்காமல், தூக்கிப் போடுடா என்று சொன்னேன். வழக்கமாகச் சண்டைக்கு வருபவன், அன்று அப்படியே காசைப் பையில் போட்டுக்கொண்டாய்.

அந்தக் காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நட்சத்திரங்கள், இரண்டும் புடைத்து நிற்கின்றன. வருஷத்தில் ஒரு பிசிறு இல்லை. அசல்தான்.

மேஜையில் அது ஒன்றை மட்டும் வைக்கச் சொல்லிவிட்டேன். முதலில் கண்டுபிடித்தது நீ, தப்பாகச் சொன்னது நான் என்று அட்டையில் என் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறேன். அதை எழுதியும் மனசு ஆறவில்லை. நாற்பது தடவை நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவன், அந்த ஒரு தடவை மட்டும் ஏன்டா கேட்டாய்?