அதன் பிறகு ரூனே விளையாடவில்லை

எசன், ஜெர்மனி
05.03.2007

அன்புள்ள மகன் நிசாந்துக்கு,

அம்மா எழுதுவது. அம்பாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அங்கே சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் உன் சுகத்தைப் பற்றி நீ சொல்வதும் சயந்தினி சொல்வதும் ஒத்துவரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். சயந்தினி எனக்குத் தொலைபேசி எடுத்தது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள். அவளைக் கோபிக்காதே. கட்டியவனுடைய தலைவலியை மாமியாருக்கு ஒளித்து ஒளித்துச் சொல்ல வேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்தவன் நீதான். இதையெல்லாம் தொலைபேசியில் கதைத்தால் சரியம்மா சரியம்மா என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்து படித்த படிப்பு அப்படி. மெதுவாக வாசி. வெளிச்சம் கண்ணைக் குத்தினால் அவளை வாசிக்கச் சொல்லு.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அதே காலை வேலைதான், அப்பாவும் அதே கிடங்கில்தான். கீழ்வீட்டுப் பற்றிமா அக்கா உன்னை விசாரித்தா. போன மாதம் அவவிடம் பெருமையாக, என் மகன் சுவீடனில் ஐஸ் ஹொக்கியில் தோர்வார்ட் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிசிக்கு ஐஸ் ஹொக்கியும் விளங்கவில்லை, கோல் காப்பவனுக்கு ஜெர்மன்காரர் சொல்லும் பெயர் அது என்பதும் தெரியவில்லை. தோர் என்றால் படலை, வார்ட் என்றால் காவல், பொறியியல் படித்த பிள்ளை அங்கே ஏதோ கேற்றில் காவல் நிற்கிறது என்று தமிழ்க் கடை முழுக்கச் சொல்லிவிட்டு எனக்கு ஆறுதலும் சொன்னா. எந்த வேலையெண்டாலும் வேலைதானே புஸ்பம், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதைங்கோ என்றா. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். சயந்தினி கதைத்த பிறகு, நீ உண்மையாகவே ஏதாவது கேற்றில் காவல் நின்றிருக்கக் கூடாதா என்று நினைக்கிறேன்.

உன்னுடைய கழகத்தின் வரலாறு என்று நீ எழுதி, எங்களுக்காக ஜெர்மனில் மாற்றி அனுப்பிய புத்தகம் வந்தது. அப்பா சத்தமாக வாசித்தார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாய், பொய் சொல்லவில்லை. ஸ்ரொக்ஹோமுக்கு வெளியே ஏக்பக்கா என்று ஒரு புறநகர், அங்கே ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை, அதில் வேலை செய்த பெடியன்கள் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதிலே கழகம் தொடங்கினார்கள் என்று படம் பார்ப்பது மாதிரி இருந்தது. சூடான வருசங்களில் ஏரி உறையாமல் ஆட்டமே நடக்காதாம், எல்லோரும் கரையில் நின்று தண்ணீரைத் திட்டுவார்களாம். முதல் கூட்டத்திலேயே தலைவர் யார் என்று அடிபட்டுப் பாதிப்பேர் எழுந்து போய் வேறு கழகம் தொடங்கிய இடம் வந்ததும் அப்பா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, உவங்கள் எங்கட ஆக்கள்தானப்பா என்றார். பிறகு மாடிக் கட்டடங்கள் எழும்பியது, வடக்கிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் வேலைக்கு வந்த சனத்தின் பிள்ளைகளுக்கு விடிய முன்னமே பயிற்சி வைக்க வேண்டியிருந்தது, கூரை போட்ட மண்டபம் வந்தது, ஒரேயொரு குளிர்காலம் நாட்டின் முதல் பிரிவில் விளையாடி எல்லோரிடமும் அடிவாங்கிக் கீழே இறங்கியது, எல்லாம் கேட்டேன். இப்போது பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வந்து குடியேறிய சனம் உதைபந்துக்குப் போகிறது, மண்டபத்துக் கூரையும் பழுது, அதனால் அந்த முதல் நாள் பிரிந்துபோனவர்களுடைய கழகத்தோடேயே சேர்த்துவிடப் போகிறார்கள், உங்களுடைய பெயரும் பச்சைச் சட்டையும் இனி இல்லை என்று நீ முடித்திருக்கிறாய். அந்த இடத்தை அப்பா இரண்டு தரம் வாசித்தார்.

உனக்கு அந்தக் கழகம் என்ன என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இங்கே நாங்கள் விசாவுக்காக வெளிநாட்டவர் அலுவலகம் குறித்துத் தந்த ஒவ்வொரு தெர்மினுக்கும் பயந்து பயந்து போன காலத்தில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் உன்னிடம் எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, ஐஸ் மண்டபத்தில் மட்டும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்று ஒருநாள் சொன்னாய். உன் வியர்வை நாறிய உடுப்புகளைத் தோய்த்தவள் நான். சுவீடனுக்குப் போய் அந்த ஊரில் ஒருவரையும் தெரியாமல் இருந்தபோது ஏக்பக்காக்காரர் உன்னைக் கூப்பிட்டு வலைக்கு முன்னால் நிற்கவைத்தார்கள். அந்த நன்றி எனக்கும் இருக்கிறது. ஆனால் தம்பி, நன்றிக்கு ஒரு அளவு வேண்டாமா?

சயந்தினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மார்கழியில் ஒரு தரம், தையில் ஒரு தரம், அந்தக் கறுப்பு இறப்பர் வட்டு உன் தலைக்கவசத்தில் பட்டிருக்கிறது. எனக்கு நீ சொன்னது சின்ன அடி அம்மா என்று. அவள் சொன்னது, நீ படியில் நின்று எந்த மாடி நம்முடைய வீடு என்று யோசித்தாயாம். பிள்ளை வர்ஷாவைக் கூட்டிவரப் போனவன் பஸ் தரிப்பிடத்தில் சத்தி எடுத்துக்கொண்டு இருந்தாயாம், அந்தச் சின்னன் பக்கத்தில் நின்று உன் முதுகைத் தடவியதாம். இந்தப் பருவம் முடியும்வரை ஐஸில் இறங்கக்கூடாது, இன்னொரு அடி பட்டால் பொறுப்பில்லை என்று வைத்தியர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்து, இப்போது கடைசி ஆட்டத்துக்கு மட்டும் நிற்கப் போகிறேன் என்கிறாயாம். மற்ற கோல்காப்பாளன் வேறு கழகத்துக்குப் போய்விட்டான், நான் நிக்காட்டி ஒருத்தரும் இல்லை, எழுபது வருசக் கழகம் கோல்காப்பாளன் இல்லாமல் முடியிறதோ என்று அவளிடம் கத்தினாயாம். அவளிடம் நீ கத்தினதே எனக்குப் புதினம். நீ கத்துகிற பிள்ளை இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே அப்பாவை இழுத்துக்கொண்டு ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். உன் தலை சுகமானால் ஆனியில் தேரன்று நீ வந்து பிரதட்டை பண்ணுவாய் என்று நேர்த்தி வைத்துவிட்டேன். காருக்குள் ஏறியதும் அப்பா கேட்டார், தலை சுத்துறவனை ஏனப்பா றோட்டில உருட்டப் போறாய் என்று. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உண்மைதானே, தலைச்சுற்றுக்கு உருளுகிற நேர்த்தி வைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்ப உள்ளே போய் ஐயரைக் கேட்டேன். தாய் வைச்ச நேர்த்தியைத் தாய் செய்து முடிச்சாலும் அம்பாள் ஏற்பா என்றார். ஆகவே தேருக்குப் பின்னால் நான் அடியழிக்கப் போகிறேன். என் முழங்காலுக்கு ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டு எழும்ப ஏலுமோ தெரியாது, ஏலாவிட்டால் பற்றிமா அக்கா பிடித்துவிடுவதாகச் சொன்னா, அவ மாதா கோயில்காரி, அம்மன் கோவிப்பாவோ என்றும் கேட்டா. உன் நேர்த்தியை நான் எடுத்துக்கொள்ளலாம் மகன். அந்த வலைக்கு முன்னால் உன் இடத்தில் என்னால் நிற்க முடியாது.

அப்பா உன்னிடம் ஒரு ஆட்டம்தானே, நில்லு, நானும் வந்து பார்க்கிறன் என்று சொன்னது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வீட்டில் சில நாட்களாகச் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் சொல்வது என்னவென்றால் ரூனே நின்றானே என்று. உன் புத்தகத்தில் இரண்டு பக்கம் அந்த ரூனேதான். ஐம்பத்தாறாம் ஆண்டு, கூரையில்லாத ஐஸ், அப்போது கோல்காப்பாளருக்கு முகக்கவசமும் இல்லை, வட்டு நெற்றியில் பட்டு விழுந்தவன் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்து நின்று ஆட்டத்தை வென்று கொடுத்தான், கழகம் ஒரு பிரிவு மேலே ஏறியது. மண்டப வாசலில் துணி சுற்றிய தலையோடு அவன் படம் தொங்குகிறது, உள்ளே போகும் ஒவ்வொரு கோல்காப்பாளனும் அதைத் தொட்டுவிட்டுப் போவான், நீயும் தொடுவாய். எல்லாம் சரி. அந்த இரண்டு பக்கத்துக்கும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதன் பிறகு ரூனே விளையாடவில்லை. அப்பா அதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். நான் நிற்பாட்டச் சொன்னேன். ஏன் விளையாடவில்லை என்று கேட்டேன். எழுதேல்லை என்றார்.

எழுதவில்லையென்றால் கேட்க ஆள் இருக்கும்தானே. சயந்தினியைக் கேட்கச் சொன்னேன். மண்டபத்துக்கு வருகிறவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுக்கிற பிரிட்டா என்ற கிழவி, நீ ஒவ்வொரு கிழமையும் வணக்கம் சொல்கிற மனிசி, ரூனேயின் தங்கச்சியாம். உனக்கும் அது தெரியுமாம், ஆட்டத்தைப் பற்றி அவவிடம் கேட்டு எழுதினாயாம். பிறகு நடந்ததை நீ கேட்கவில்லை. சயந்தினி கேட்டிருக்கிறாள். சவர்க்காரத் தொழிற்சாலைக்குப் போகும் வழி அவனுக்கு மறந்து மறந்து போகுமாம், தாய் கையைப் பிடித்துக் கேற்வரை கொண்டுபோய் விடுவாளாம். பிறகு வேலையும் இல்லை. கரண்டி தட்டுப்படுகிற சத்தம் தாங்காது என்று அந்த வீட்டில் எல்லோரும் துணி விரித்த மேசையில் மெல்லச் சாப்பிட்டார்களாம். பல வருசம் கழித்துக் கழகம் முதல் பிரிவுக்குப் போனபோது அவனை மேடைக்கு அழைத்தார்கள், சனத்தின் கைதட்டலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு கீழே இருந்துவிட்டானாம். எந்த ஆட்டத்துக்காக அழைத்தார்கள் என்பதும் அவனுக்கு ஞாபகம் இல்லையாம். இதை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை, எல்லோரும் அந்த ஒரு ஆட்டத்தைத்தான் கேட்பார்கள் என்று பிரிட்டா சொன்னாவாம்.

இதை அப்பாவுக்குச் சொன்னேன். பல்கனியில் போய் நின்றார். அடுத்த நாள் சுவீடன் பயணத்தை நிற்பாட்டிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். உன்னிடம் நேரே சொல்ல அவருக்கு வாய் வராது, அதனால் நான் சொல்கிறேன், அவரும் இப்போது என் பக்கம்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது நிசாந். படுத்தால் அந்த ரூனேயின் தாய்தான் கண்ணுக்குள் வருகிறாள். அவளுக்குப் பெயர்கூட உன் புத்தகத்தில் இல்லை. கழகத்தை நீ கைவிடவில்லை, ஆட்டத்தைத்தான் விடச் சொல்கிறேன். கடைசி ஆட்டத்தில் கோல்காப்பாளன் இல்லாமல் யாராவது ஒரு பெடியனை நிற்கவைத்துப் படுதோல்வி அடைந்தோம் என்று எழுது. எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஏரி உறையாத வருசத்தையும் எழுதினாய்தானே. அந்தக் கழகத்தின் கதையைத் தலையில் வைத்திருக்கிறவன் நீ ஒருத்தன், அந்தத் தலையைக் கொண்டுபோய் வட்டுக்கு முன்னால் வைக்காதே. ரூனேயைப் பற்றிக் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியையும் பிரிட்டாவிடம் இருந்து கேட்டு நீட்டி எழுது.

வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. மிளகு தட்டி இரசம் வைத்துக் குடி. கணினியைக் கொஞ்ச நாள் மூடி வை. வர்ஷாவுக்கு அம்மம்மா இல்லை அப்பம்மா என்று சொல்லிக்கொடு, போன தரம் மாறிச் சொன்னாள். சயந்தினியிடம் மன்னிப்புக் கேள், கத்தினதற்கு. அம்பாள் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள், நான் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பதினெட்டாம் திகதி ஞாயிறு, உங்கள் கடைசி ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு உன் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பேன். கைத்தொலைபேசிக்கு அல்ல, வீட்டுக்கு. சயந்தினி எடுக்கக்கூடாது. நீ எடுக்க வேண்டும்.

உன் தலையைத் தடவி, ஆசிகளுடன்,
அம்மா
புஸ்பவதி இராசலிங்கம்